கொல்லாமல் போகிற வழி

அறை வாசலில் தேத்தண்ணிக் கோப்பையை வைக்கக் குனிந்த சபூறா அப்படியே நின்றுவிட்டாள். உள்ளே மருமகன் அஸ்கி தாழ்ந்த குரலில் கதைத்துக்கொண்டிருந்தான்.

"முந்தி காவல்காரன்ட கண்ணுல படாமப் போகலாம். கமராவ நிப்பாட்டினாச் சரி, ஒரு உயிரும் போகாது. இந்த முறை அப்பிடியில்ல. வாசல்ல நிக்கிறவங்களச் சுடாம உள்ள போக ஏலாது."

கோப்பையை அங்கேயே வைத்துவிட்டு முற்றத்துக்கு இறங்கினாள்.

அஸ்கி பொத்துவில்காரன். ஊர் வழக்கப்படி கலியாணம் முடித்துப் பெண் வீட்டுக்குக் குடிவந்து இரண்டு மாதம்தான். இந்தக் கல்முனைக்குடியில் அவனை அறிந்தவர்கள் குறைவு. கணினியில் ஏதோ வேலை என்று மட்டும் தெரியும். சபூறா வளர்ந்த முறையில் மாமியும் புது மருமகனும் நேருக்கு நேர் கதைப்பதில்லை. சோறு போதுமா என்பதைக்கூட மகள் அப்னா வழியாகத்தான் கேட்பாள். இப்போது அப்னா பள்ளிக்கூடத்தில் படிப்பித்துக்கொண்டிருந்தாள்.

ஈஸ்டர் குண்டுவெடிப்புகள் நடந்த அந்த ஏப்ரலில், பக்கத்துச் சாய்ந்தமருதிலும் குண்டு வெடித்த இரவில் இந்த வீட்டு ஜன்னல்களும் அதிர்ந்தன. பிறகு தேடுதலுக்கு வந்த படையினர் அலுமாரியைக் கவிழ்த்தார்கள். தொழுகைப் பாயையும் உதறிப் பார்த்தார்கள். அடுத்த தெருப் பொடியன் ஒருவனைப் போனில் இருந்த எதற்காகவோ கொண்டுபோனார்கள். மாதக்கணக்கில் கழித்துத் திரும்பி வந்தவன் இன்றும் ஆளை நிமிர்ந்து பார்ப்பதில்லை. வருடங்கள் போயும் வீட்டுப் பக்கம் ஒரு வாகனம் நின்றால் சபூறா எட்டிப் பார்ப்பாள்.

மதிலுக்கு அப்பால் பக்கத்து வீட்டு மீராமுகைதீன் நின்றார். பள்ளிவாசல் நிர்வாகத்தில் இருப்பவர், அவள் அண்ணனாக நினைத்துக் காக்கா என்று கூப்பிடுகிறவர். அஸ்கியின் ஜன்னல் அவர் வளவுப் பக்கம் திறந்து கிடந்தது.

"சபூறா, ஒங்கட மருமகன் ஆரோட கதைக்கிற?"

"தெரியா காக்கா."

"எனக்கும் கேட்டிச்சி. அஸறு தொழப் பள்ளிக்குப் போறன். அங்க இதச் சொல்லாம இருந்து, நாளைக்கி என்னையும் புடிச்சிக் கேட்டா நான் என்ன செய்யிற? எனக்கும் கலியாணம் முடிக்காத கொமருகள் இரிக்கி." அவரும் பயந்துதான் போயிருந்தார்.

"கொஞ்சம் பொறுங்க காக்கா. நான் கேட்டுட்டு வாறன்."

திரும்ப உள்ளே போய், பிஸ்மில்லாஹ் சொல்லி அறைக் கதவைத் தட்டினாள். மாமியைக் கண்டதும் அஸ்கி பதறி எழுந்தான். காதில் மாட்டியிருந்த ஹெட்செட் கழன்று விழுந்தது.

"மருமகன், நீங்க ஆரச் சுடப் போறீங்க?"

அவனுக்கு விளங்கச் சற்று நேரம் பிடித்தது. "அல்லாஹ்வே. மாமி, இது கேம். பழைய பாகத்தையும் புதுப் பாகத்தையும் ஒப்பிட்டு வீடியோ செய்யிறன்."

திரையில் மழை பெய்யும் ஒரு நகரம். இரும்புக் கை வைத்த மனிதர்கள். பழைய பாகத்தில் காவல்காரனின் முகம் செதுக்காத மரக்கட்டை போல் இருந்தது. அவன் அங்குமிங்கும் நடந்தான். பக்கத்தில் ஒரு சிறிய வழி. புதியதில் அவன் இமையில் மழைத்துளி நின்றது.

"பழசுல மூஞ்சே தெரியா மாமி. ஆனா அவன உட்டுட்டுப் போக வழி வெச்சிருந்தாங்க. புதுசுல கண்ணுல ஈரங்கூடத் தெரியிது, கொல்லாமப் போக வழியில்ல. அதத்தான் குறையாச் சொல்றன்."

சபூறா அந்த முகத்தையே பார்த்தாள். இவ்வளவு கிட்டத்தில் கண்ட பிறகும் ஒருவனைச் சுடச் சொல்கிறார்கள் என்பது அவளுக்கு விளங்கவில்லை.

"மீராமுகைதீன் காக்காக்கும் கேட்டிரிக்கி," என்றாள்.

அஸ்கி திறந்திருந்த ஜன்னலைப் பார்த்தான். கை விசைப்பலகைக்குப் போனது. "அழிச்சிடுறன்."

"அழிக்காதீங்க மகன். அழிச்சா அதுக்கும் ஒரு காரணம் கேப்பாங்க. இத எடுத்துட்டு வாங்க."

மகன் என்று அழைத்ததை அவளே கவனிக்கவில்லை. பாங்கு சொல்லத் தொடங்கியிருந்தது. மதிலோரம் யாருமில்லை, மீராமுகைதீன் பள்ளிக்குப் போகும் ஒழுங்கையில் பாதித் தூரம் போய்விட்டார்.

"காக்கா, நில்லுங்க."

அவர் நின்றார். திறந்த மடிக்கணினியை இரு கைகளாலும் ஏந்தியபடி அஸ்கி அவர் முன்னால் போனான். வெயிலில் திரை கறுப்பாகத் தெரிந்தது. "ஒண்டும் தெரியலியே," என்றார் கிழவர், பின்னால் ஓரடி வைத்து.

ஒழுங்கை முனையில் ஒரு வாகனம் வேகம் குறைத்தது. மூவரும் திரும்பிப் பார்த்தார்கள். யாருடையது என்று இங்கிருந்து தெரியவில்லை.

சபூறா முந்தானையை இழுத்து விரித்துத் திரைக்கு மேலே நிழலாகப் பிடித்தாள். அதற்குள் தலையை நுழைத்து, கண்ணைச் சுருக்கி, மீராமுகைதீன் குனிந்தார்.