பின்பாரம்

இஞ்சின் இறுகிப்போன வேனைப் பழுதுபார்க்க அகபா நகரத்துக்குக் கொண்டுபோக வேண்டும் என்றதும், ஜவாஹிர் முதலில் அங்கிருந்த மெக்கானிக்கைத்தான் போனில் கேட்டாள்.

"டிரெய்லர்ல வச்சு இழுக்காதீங்க. வேன் கனம். முதுகுல ஏத்திக்கிட்டு வருமே, அந்த லாரியைச் சொல்லுங்க. நகப் மலை இறக்கத்துக்கு அதுதான் தாங்கும்" என்றார் அவர்.

மாமனார் ஸல்லூமிடம் அதைச் சொன்னாள்.

"என் தம்பி மவன் டிரெய்லரோட குத்துக்கல்லாட்டம் இருக்கான். அவனை விட்டுட்டு எவனையோ கூப்பிட்டா, ஊர் என்னைக் காறித் துப்பாதா?"

ஜவாஹிர் லாரிப் பேச்சை விட்டாள். கணவன் இறந்த பிறகு அவனுடைய வேனை அவள் ஓட்டுவதே இவர் தலையசைத்ததால்தான். ஓட்டுவது ஒரு பெண் என்பதால்தான் ஊரார் தங்கள் மகள்களை மஆன் நகரப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார்கள். அவள் மகள் வஸனும் அதில்தான் போய்வந்தாள். லீவு முடிவதற்குள் வேன் ஓடாவிட்டால் எல்லோருக்கும் படிப்பு அவ்வளவுதான்.

காலையில் அந்தத் தம்பி மகன் ஃபவ்வாஸ் பிக்கப்பில் டிரெய்லரை இழுத்துக்கொண்டு வந்தான். டிரெய்லருக்குத் தனியாக பிரேக் இல்லை என்பதை அவள் கவனித்தாள்.

"பயப்படாதீங்க அண்ணி. இது ஒட்டகத்தையே சுமந்த வண்டி."

"ஒட்டகம் உக்காந்தா அசையாது ஃபவ்வாஸ். அதுக்குச் சக்கரம் கிடையாது."

அவன் சிரித்தான். ஆனாலும் வேலையைக் கவனமாகத்தான் செய்தான். வேனின் முகம் பிக்கப்பைப் பார்க்கும்படி ஏற்றி, இஞ்சின் பாரம் டிரெய்லர் அச்சுக்கு முன்னால் விழுமாறு நிறுத்தி, நான்கு சக்கரங்களையும் பட்டையால் இறுக்கினான்.

அப்போதுதான் ஸல்லூம் இரண்டு ஆடுகளை ஓட்டிக்கொண்டு வந்தார். அவருக்குப் பின்னால் மாவு மூட்டைகளும் உலர்தயிர்ச் சாக்குகளும் வந்தன. அகபாவில் அவர்கள் தங்கப்போகும் சொந்தக்காரர் வீட்டுக்கு. எல்லாவற்றையும் வேனின் பின்கதவைத் திறந்து ஏற்றச் சொன்னார்.

பின்பாரம் டிரெய்லரின் கொக்கியைத் தூக்கியதில் பிக்கப்பின் பின்பக்கம் மெல்ல மேலே எழும்பியது.

"பெரியப்பா, பின்னாடி பாரம் ஏறுனா டிரெய்லர் வாலாட்டும். மூட்டையை பிக்கப்ல போட்டுக்கலாம்."

"டீசல் வழியுற இடத்துலயா? மரியாதைக்குக் கொண்டுபோற மாவு நாறிக்கிட்டா போகணும்? உங்கப்பன் இப்படியாடா வளர்த்தான் உன்னை?"

ஃபவ்வாஸ் தலையைக் குனிந்துகொண்டான்.

"மாமா, அவன் சொல்றது..." என்று ஜவாஹிர் ஆரம்பித்தாள்.

"நீ ஏறும்மா."

பிக்கப்பின் பின் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

சமவெளியில் ஒன்றும் தெரியவில்லை. இறக்கம் தொடங்கியதும் டிரெய்லர் பின்னாலிருந்து தள்ள ஆரம்பித்தது. ஒரு டேங்கர் லாரி உரசுவதுபோல் கடந்து போனது. அந்தக் காற்றில் வேனின் பின்பக்கம் இடதுபுறம் போய் வலதுபுறம் திரும்பியது. அடுத்த ஆட்டம் இன்னும் அகலமாக இருந்தது.

"பிரேக்கை மிதிடா!" என்று ஸல்லூம் கத்தினார்.

"மிதிக்காதே, விட்டுப் பிடி!" என்றாள் ஜவாஹிர்.

அவன் பெரியப்பாவின் சொல்லைக் கேட்டான். ஏற்கெனவே தூக்கிக்கொண்டிருந்த கொக்கி, பிக்கப்பின் இணைப்புக் குண்டிலிருந்து கழன்றது. பாதுகாப்புச் சங்கிலி ஒரு நொடி தாங்கியது, அவ்வளவே. கண்ணாடியில் வேன் சாய்வது அவளுக்குத் தெரிந்தது. பிறகு கண்ணாடியில் சாலை மட்டும் இருந்தது.

கீழே, பாறைகளின் மேல் மாவு வெள்ளையாகப் பரவியிருந்தது. ஓர் ஆடு இன்னும் கத்திக்கொண்டிருந்தது. வேன் நசுங்கி, சீட்டுகள் வெளியே கிடந்தன. சரிசெய்ய எதுவும் மிச்சமில்லை.

மறுநாள் மாணவிகளின் தகப்பன்மார் துக்கம் கேட்க வருவதுபோல வந்தார்கள். வஸன் எல்லோருக்கும் காப்பி ஊற்றினாள். ஒருவர்கூட யாரையும் குறை சொல்லவில்லை.

"புள்ளைங்க அதுல இல்லையே, அல்ஹம்துலில்லாஹ்" என்றார் அபூ ஷுஜா.

"வேற வண்டிக்குக் கேட்டுப் பார்க்கிறேன். கொஞ்சம் பொறுத்துக்குங்க" என்றாள் ஜவாஹிர், கதவோரம் நின்றபடி.

"பார்க்கலாம் மவளே, இன்ஷா அல்லாஹ். என்ன அவசரம்? என் பொண்ணுக்கும் வயசு வந்தாச்சு. வீட்டுல அவ அம்மாவுக்கும் ஒத்தாசை வேணும்."

மற்றவர்கள் தலையாட்டினார்கள். யார் குரலிலும் வருத்தம் இல்லை. வெகுநாள் சுமந்த ஒன்றை இறக்கிவைத்தவர்களின் நிதானம்தான் இருந்தது. ஸல்லூமும் தலையாட்டினார்.

பள்ளி திறப்பதற்கு முந்தைய இரவு வஸன் பாய் விரித்தாள்.

"உம்மா, காலையில சீக்கிரம் எழுப்புவியா?"

"எதுக்கு?" என்றாள் ஜவாஹிர். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கு உறைத்தது.

வஸன் போர்வையை முகத்துக்கு மேல் இழுத்துக்கொண்டாள்.