வாலை எந்தப் பக்கம் ஆட்டியது?

நாகஜோதி ஒன்றைப் பார்த்தேன் என்றால் பார்த்தாள் என்றுதான் அர்த்தம். அவள் வீட்டுக்காரர் ராம்கி மட்டும் கல்யாணம் ஆன நாளிலிருந்து அதை ஒப்புக்கொண்டதில்லை.

மேலூரில் அவளுக்குத் தையற்கடை. பஸ் ஏறும் முன் வீட்டுப் பக்கத்துப் பார்க்கில் நடப்பாள். கார்த்திகையில் ஒரு காலை, பின்மூலைப் புங்கமரத்தடியில் ஒரு சின்னக் குருவி சருகுகளுக்குள் நடந்துகொண்டிருந்தது. நெஞ்சில் இரண்டு கறுப்புப் பட்டை. வாலை மேலும் கீழும் ஆட்டாமல், இடமும் வலமுமாக ஆட்டியது. ஊர்ப் பறவைக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் அப்படியே எழுதினாள்.

குழுவை நடத்தும் விக்ரம் மரியாதையாகத்தான் பதில் போட்டான். "அக்கா, சைடுல ஆட்டுறது கொடிக்கால் வாலாட்டி மட்டுந்தான். குளிருக்கு வடக்க இருந்து வரும். ஆனா மரம் அடர்ந்த எடத்துலதான் தங்கும். நீங்க பாத்தது சாதா வாலாட்டியா இருக்கும்."

ராம்கி அதைப் படித்துவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தார். "ஒன் கண்ணு இருக்குற லட்சணத்துக்குக் குருவி ஒண்ணுதான் கேடு!"

சுருக்கென்றது அவளுக்கு. "சைடுலதான் ஆட்டுச்சு. ஒங்க கண்ணாலயே பாக்க வைக்கிறேன்" என்றாள்.

மறுநாளிலிருந்து விடியும்போதே போய் நின்றாள். குருவி வரும், சருகைப் புரட்டிப் பூச்சி தேடும். பார்க்கைக் கூட்டும் செல்லக்கிளியின் விளக்குமாற்றுச் சத்தம் கேட்டதும் பறந்துவிடும். மூலை சுத்தமான பிறகு திரும்பியும் பார்க்காது. சருகுதான் அதன் சாப்பாட்டுத் தட்டு என்று அவளுக்குப் புரிந்தது.

"செல்லக்கிளி, இந்த மூலையக் கூட்டாத."

"நீங்கதானக்கா சருகு கெடந்தா பாம்பு அடையும்னு ஊரைக் கூட்டுனீக?"

உண்மைதான். நடக்க வருகிறவர்களையெல்லாம் சேர்த்துக்கொண்டு சண்டை போட்டவளே அவள்தான். முகம் சுண்டிப்போனது. ஆனாலும் பின்வாங்கவில்லை.

"அப்பச் சொன்னதும் நான்தான். இப்பச் சொல்றதும் நான்தான். பாம்பு வந்தா என்னையக் கேளு."

கூடையை வாங்கி, கூட்டிய சருகைத் தன் கையாலேயே மரத்தடியில் பரப்பினாள். நடக்க வந்தவர்கள் ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். பார்த்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டாள்.

குருவி பழையபடி வரத் தொடங்கியதும், ஞாயிற்றுக்கிழமை விக்ரமைக் கேமராவோடு வரச்சொன்னாள். அவள் அசடு வழிவதைப் பார்க்க ராம்கியும் கூடவே கிளம்பினார். மூவரும் ஒரு பெஞ்சுக்குப் பின்னால் குந்தினார்கள். வெயில் ஏறியது. ராம்கி கொட்டாவி விட்டு எழப்போனார். அவள் அவர் சட்டையைப் பிடித்து உட்காரவைத்தாள்.

அப்போது சருகு அசைந்தது. இரண்டு பட்டை தெரிந்தது. வால் இடப்பக்கம் போயிற்று, வலப்பக்கம் வந்தது. விக்ரம் மூச்சை அடக்கிக் கேமராவைத் தூக்கினான்.

"மாப்ள!" ராம்கி அவன் தோளைப் பிடித்து உலுக்கினார். "சைடுலதான்டா ஆட்டுது!"

குருவி மதிலைத் தாண்டிப் போய்விட்டது. கேமராவில் வெறும் புங்கமரம்தான் விழுந்திருந்தது.

"அண்ணே!" என்று விக்ரம் தலையில் கை வைத்தான். ராம்கி திருதிருவென்று முழித்தார்.

நாகஜோதிக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அந்த வாயிலிருந்து அந்தச் சொல் வந்ததே, மனசு நிறைந்துபோனது. ஆனாலும் படம் எடுத்தே ஆகவேண்டும்.

"நாளைக்கும் வாங்க தம்பி" என்றாள். "இவர வீட்டுல வச்சுப் பூட்டிட்டு வாரேன்."