புட்டியில் இருந்தது

புட்டியின் மூடியைத் திறந்ததுமே அவளுக்குக் குடலைப் பிடுங்கிக்கொண்டு வந்தது. மூன்று வாரம் ஊறிய மூத்திரம். யாருடையது என்று கேட்கக்கூட நாக்கு கூசியது.

"என் வீட்டுக்காரரோடதுதான். நல்ல ஆரோக்கியமான மனுஷன்," என்றாள் கண்ணாடிப் பட்டறைக்கார அக்கா, பெண் வீட்டாரிடம் மாப்பிள்ளையைப் பற்றிச் சொல்வது போல. "பழைய ஜன்னலுக்குப் பழைய முறைதான். இதுல கண்ணாடிக்குத் தீட்டற வண்ணப் பொடியக் குழைச்சுக் கோடு போடு. காஞ்சதும் மேல தண்ணியில கலந்த நிழல் பூச்சு. கோடு அசையாது."

நூலகத்து வண்ணக் கண்ணாடி ஜன்னலில், விளக்கேந்திய பெண்ணின் முகம் மட்டும் உடைந்திருந்தது. அதைச் சரியாகத் தீட்டிவிட்டால் இவளுக்குப் பட்டறையில் நிரந்தர வேலை. இல்லையென்றால் மறுபடி மீன் ஆலை, பதினோரு வருஷம் குடல் உருவிய அதே மேஜை. அந்த நாற்றம் உடம்பைவிட்டுப் போகவே ஆறு மாதமாயிற்று. நாற்றத்துக்குப் பயந்து ஓடிவந்தவளுக்கா இந்தக் கதி!

அக்கா சாப்பிடப் போன நேரம் பார்த்துப் புட்டியைக் கழிவறையில் கவிழ்த்தாள். நாலு தரம் கழுவினாள். ஆறிப்போன டீத்தண்ணீரை அதே நிறத்துக்கு நிரப்பிவைத்தாள். கோடுகளும் மெலிதாக, அழகாகவே விழுந்தன. தன் முதுகைத் தானே தட்டிக்கொண்டாள்.

நிழல் பூச்சு பட்டதுதான் தாமதம், கண் கரைந்து கன்னத்தில் இறங்கியது. மூக்கு இருந்த இடம் தெரியவில்லை.

அக்கா புட்டியை முகர்ந்து பார்த்தாள். "டீயா?"

"முடியலக்கா. கொமட்டுது."

"முடியலன்னா சொல்லிட்டுப் போயிடணும். என்னை முட்டாளாக்கக் கூடாது. நாளைக்குச் சூளை மூட்டறேன், அதுக்குள்ள முகம் வேணும். அவரு ஊர்ல இல்ல. புதுசா இருந்தாலும் பிடிக்கும், நீயே வழி பண்ணிக்க."

காலிப் புட்டியோடு கழிவறைக்குள் போய்த் தாழிட்டாள். வெளியே வந்தபோது அக்காவின் முகத்தைப் பார்க்கவில்லை. மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு கோடு போட்டாள். தன்னுடையதுதானே என்று அருவருப்பு துளியும் குறையவில்லை. ஆனால் பூச்சுக்குக் கோடு அசையவே இல்லை.

சூளையிலிருந்து வந்த முகம் உயிரோடு பார்த்தது. அக்கா அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். கண் கலங்கிவிட்டது அவளுக்கு.

"திங்கக்கிழமையிலேர்ந்து வேலைக்கு வந்துடு," என்று சொல்லி, கண்ணாடிப் பெண்ணின் உதட்டில் பச்சென்று ஒரு முத்தம் வைத்தாள்.

சூளைச் சூட்டில் எல்லாம் எரிந்து போயிருக்கும் என்று இவளுக்குத் தெரியும். வயிற்றுக்கு யார் சொல்வது? வாயைப் பொத்திக்கொண்டு கழிவறைக்கு ஓடினாள்.