கத்தாதவளின் வியாழக்கிழமை

தீக்காய வார்டில் யாருக்கு மனநல ஆலோசகர் தேவை என்பதைத் தொண்டையை வைத்துத்தான் முடிவு செய்வார்கள். கட்டு மாற்றும்போது கூரை பிய்யக் கத்துகிறவர், சாப்பாட்டுத் தட்டை விட்டெறிகிறவர், இவர்கள் பெயரெல்லாம் பட்டியலில் ஏறிவிடும். ஆலோசகர் வருவதோ வியாழக்கிழமை மட்டும், ஒரு மணி நேரம், நாலே பேருக்கு. பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்பவருக்குக் கிடைப்பது 'தங்கமான பேஷண்ட்' என்ற பட்டம். அதை வைத்து நாக்குதான் வழிக்க வேண்டும்.

ஒன்பதாம் படுக்கைக்காரி அப்படியொரு தங்கம். அடுப்பு வெடித்து முகமும் கழுத்தும் வெந்து வந்தவள். புகை குடித்து அவள் குரலே ஆள் மாறிப்போயிருந்தது. ஒரு மாதமாக அவளுக்குக் கட்டு மாற்றும் நர்ஸுக்கு மட்டும் ஒன்று தெரியும். ஞாயிறுதோறும் அவளுடைய நாலு வயது மகள் கீழே வந்து நிற்பாள். இவள், "கிருமி தொத்திக்கும், வேணாம்" என்று திருப்பி அனுப்பிவிடுவாள். குழந்தை வரலாம் என்று டாக்டர் சொல்லி மூன்று வாரமாகிறது. வெள்ளிக்கிழமை வீட்டுக்குப் போக வேண்டியவள். பெற்ற பிள்ளைக்கு முகம் காட்டப் பயப்படுகிறவளை அப்படியே அனுப்ப நர்ஸுக்கு மனம் ஒப்பவில்லை.

டீ நேரத்தில் தலைமை நர்ஸிடம் பேச்செடுத்தாள்.

"அக்கா, ஒன்பதையும் லிஸ்ட்ல போடுங்க."

"அவளுக்கு என்னடி குறை? கூப்பிட்டா சிரிக்கிறா."

"அதான்க்கா பயமா இருக்கு."

"சிரிச்சாலும் தப்பா? இங்க நாலு பேரு கத்தி வார்டையே ரெண்டு பண்றாங்க. மொதல்ல அவங்கள அடக்கணும்."

அடக்கத்தான் ஆலோசகர் போலிருக்கிறது! நர்ஸ் எரிச்சலோடு எழுந்து, நேராக ஒன்பதாம் படுக்கைக்குப் போனாள்.

"நாளைக்கு டாக்டர் வர்ற நேரமாப் பாத்துக் கட்டு மாத்துறேன். கொஞ்சம் கத்துங்கம்மா."

"ஐயோ, மத்தவங்களுக்குத் தொந்தரவு சிஸ்டர்."

"பாப்பாவுக்காக."

மறுநாள் புதன்கிழமை அவள் கத்தினாள். நடிப்பாகத் தொடங்கியது நிற்கவே இல்லை. ஒரு மாதமாக விழுங்கியதெல்லாம் வெளியே வந்தது. டாக்டர் பதறிப்போய்ப் பெயரைப் பட்டியலில் ஏற்றினார். கையோடு தூக்க ஊசியும் எழுதினார், வியாழன் காலைக்கும் சேர்த்து. காலையில் நர்ஸ் வேலைக்கு வருவதற்குள் ஊசி போட்டாகிவிட்டது.

ஆலோசகர் வந்தபோது அவள் அடித்துப் போட்டாற்போல் கிடந்தாள்.

"எழுப்பட்டுமா சார்?"

"எதுக்கும்மா? நல்லாத்தானே தூங்குறாங்க" என்று அவள் பெயரின் மேல் கோடு போட்டுவிட்டு அவர் அடுத்த படுக்கைக்கு நகர்ந்தார். நர்ஸுக்குத் தன் வாயிலேயே போட்டுக்கொள்ளலாம் போலிருந்தது.

வெள்ளிக்கிழமை, தழும்பை அழுத்திப் பிடிக்கும் துணி முகமூடியை மாட்டிக்கொண்டு அவள் வராந்தாவுக்கு வந்தாள். நர்ஸ் பையைத் தூக்கிக்கொண்டு உடன் வந்தாள். கணவன் கீழே மருந்து வரிசையில் நின்றிருக்க, மகள் அவன் கையை உதறிவிட்டுப் படியேறி ஓடி வந்தாள். இவளைத் தாண்டி ஓடினாள். வார்டு வாசலில் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து, முகமூடிக்காரியின் சேலையைப் பிடித்து இழுத்தாள்.

"ஆன்ட்டி, எங்கம்மாவப் பாத்தீங்களா?"

நர்ஸ் வாயைத் திறப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள்.

"உங்கம்மா வர இன்னும் நாளாகும், கண்ணு. நீ வீட்டுக்குப் போ."