சடையப்பன் வீட்டுக் கேழ்வரகு

"வண்டிய எடுத்தீன்னா எம்மேல ஏத்திட்டுப் போ, பச்சமுத்து!"

"அக்கா, வழிய வுடுக்கா. ஊரே பாக்குது."

"பாக்கட்டும். அதுக்குன்னேதான இந்தத் தெருவுல எல்லாம் பொறந்திருக்கு."

பொய்யில்லை. மேட்டுத்தெருவில் அடுப்பில் பால் பொங்கினால் வீட்டுக்காரிக்குத் தெரியும் முன்னே எதிர்வீட்டுக்குத் தெரியும். அன்றைக்கோ கேட்கவே வேண்டாம், எல்லா வாசலிலும் ஆள்.

ஆடியில் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்ற, தலைக்கட்டுக்கு ஒரு படி கேழ்வரகு என்று வீடு வீடாக வாங்கி வந்த குட்டியானை வண்டி, மலர்கொடி வீட்டை வழக்கம்போலத் தாண்டிப் போகப் பார்த்தது. மற்ற வருஷமெல்லாம் வாசலில் நின்று பார்த்துவிட்டு உள்ளே போய்விடுவாள். இந்த வருஷம் படியும் கையுமாக வண்டிக்கு முன்னால் நின்றுவிட்டாள். அரைப்படியாகக் குறைக்க ஆயிரம் சாக்குச் சொல்லும் தெருவில், முழுப்படியை வாங்கிக்கோ என்று சண்டை போட்டது அவள் ஒருத்திதான்.

இந்தப் பக்கத்தில் யார் என்ன சனம் என்று சின்னப்பிள்ளை கூடச் சொல்லும். மேட்டில் நிலமும் உப்புப் பாத்தியும் வைத்த குடியானவர்கள். கடலோரத்தில் குப்பத்து ஆட்கள். கூனிமேட்டில் பாய்மார். இறால் குஞ்சு கம்பெனி வந்த பிறகு, தகரக் கொட்டகையில் வடக்கத்திப் பையன்கள். டீக்கடை பெஞ்சில் எல்லாரும் இடித்துக்கொண்டுதான் உட்காருவார்கள். செத்தால் மட்டும் அவரவர் சனம், அவரவர் சுடுகாடு.

மலர்கொடியின் புருஷன் இது எதிலும் சேராதவன். ஒடிசாவில் கடலோரத்து உப்பள ஊர் அவனுக்கு. மகள் நிவேதா பிறப்பதற்கு ரொம்ப முன்னால் பாத்தி வேலைக்கு வந்தவன், உப்பு வாருகிற கையைப் பார்த்தே மலர்கொடி மயங்கிவிட்டாள் என்று தெருவில் பேச்சு. மயங்கியது கையைப் பார்த்துத்தானா என்பது வேறு விஷயம். மயிலம் கோயிலில் தாலி கட்டிக்கொண்டு வந்து நின்றார்கள். ஆண்பிள்ளை இல்லாத அவள் அப்பன் சடையப்பன் ஒரு நாள் பூரா வைதுவிட்டு, மறுநாள் மாப்பிள்ளைக்கு இலை போட்டார். ஊர் அவனுக்கு வைத்த பேர் "இந்தி". இந்தியில் அவனுக்குப் பாதி புரியாது. அதை யார் கேட்டார்கள்?

இப்போது அவனுக்குக் கிட்னி போய்விட்டது. பாண்டிக்கு டயாலிசிஸுக்குக் கூட்டிப்போய்க் கூட்டிவருகிறாள். கேழ்வரகு கொடுக்காத வீட்டுச் சாவுக்கு ஊர் வராது, பாடையில் தோள் கொடுக்காது. அதுதான் அவளை வண்டிக்கு முன்னால் நிறுத்தியது.

நாட்டாமை வெங்கடாசலம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார்.

"இன்னாம்மா மலரு, தலைக்கட்டுன்னா ஆம்பள பேருல இருக்கணும். உன் வூட்டுக்காரன் இன்னா சனம்னு உனக்காவது தெரியுமா?"

"மனுச சனம் மாமா. ஒங்க பாத்தியிலதான் இத்தினி வருசம் உப்பு வாருனாரு. அந்த உப்ப இன்னா சனம்னு கேட்டுட்டா கொழம்புல போட்டீங்க?"

தெருவில் யாரோ சிரித்துவிட்டார்கள். வெங்கடாசலம் சிரிக்கவில்லை. கொஞ்சம் யோசித்து, "உங்கப்பன் சடையப்பன் பேரு இன்னும் தலைக்கட்டுல இருக்குது. அந்தப் பேருல வேணா வாங்கிக்கிறோம்" என்றார்.

"எங்கப்பன் செத்து எட்டு வருசமாவுது."

"அதனால இன்னா? பேரு சாவுமா?"

"எங்க வூட்ல ஒண்ணுன்னா வருவீங்களா?"

"சடையப்பன் வூட்டுச் சாவுக்கு ஊரே வரும். இது மாரியாத்தா மேல சத்தியம்."

மலர்கொடி படியைச் சாய்த்தாள். கேழ்வரகு கோணிக்குள் விழுந்தது.

கட்டிலில் கிடந்தவன் கேட்டுவிட்டுச் சிரித்தான். "செத்துப்போன மாமனாரு இன்னும் கூழ் குடிக்கிறாரா?"

"நீ சும்மா கெட. காரியம் ஆவணும்ல" என்றாள். அவன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

ஐப்பசி மழையில், பாத்தியெல்லாம் தண்ணீர் நின்றபோது செத்துப்போனான்.

ஊர் சொன்ன சொல் தவறவில்லை. பந்தல் வந்தது, மேளம் வந்தது. ஆட்டோவில் மைக் கட்டி, "சடையப்பன் வீட்டில் துக்கம்" என்று தெருத்தெருவாகச் சொன்னார்கள். நெருப்புச்சட்டி தூக்கப் பங்காளி வேண்டுமே என்றதும், பச்சமுத்து பைக்கை எடுத்துக்கொண்டு இறால் கம்பெனிக்குப் போய் மூன்று பையன்களைக் கூட்டி வந்தான். ஒருவன் பீகார், ஒருவன் அசாம், ஒருவன் நேபாளம். செத்தவனை ஒருவனுக்கும் தெரியாது.

"உங்காளுதானப்பா, நில்லுங்க" என்றான் பச்சமுத்து. அவர்களும் தலையைக் குனிந்து நின்றார்கள். நேபாளத்துப் பையன் சட்டியைத் தூக்கினான். பாவம், அவன்தான் உண்மையாக அழுதான். ஊரில் யாரை நினைத்துக்கொண்டானோ.

பொம்பளைகள் சுடுகாட்டுக்குப் போகிற வழக்கமில்லை. மலர்கொடியைத் தெருமுனையில் நிறுத்திவிட்டார்கள்.

குளித்துவிட்டு ஈர வேட்டியோடு வந்த பச்சமுத்து, அவளுக்கு ஆறுதலாகத்தான் சொன்னான். "ஒரு கொறையும் வைக்கலக்கா. சுடுகாட்டு வாசல்ல அரிச்சந்திரன் கல்லுகிட்ட எறக்குனோம். யாரு வந்திருக்கா, பேரச் சொல்லுங்கன்னு வெட்டியான் கேட்டாரு. அந்தப் பசங்களுக்கும் தெரியல, எங்களுக்கும் தெரியல. எந்தத் தலைக்கட்டுன்னாரு. சரின்னு பெரியப்பா பேரையே சொல்லிட்டோம். சடையப்பன் வந்திருக்கான், வழி வுடுன்னு சொல்லித்தான் உள்ள வுட்டாரு."

அதுவரை ஒரு சொட்டு அழாதவள், தரையில் உட்கார்ந்தாள்.

"எங்கப்பன ரெண்டு வாட்டி கொளுத்திட்டீங்களேடா. அப்ப எம் புருசன் எங்கடா?"

பச்சமுத்து வேட்டி நுனியைப் பிழிந்துகொண்டே நின்றான். "அவரு பேரு இன்னாக்கா?" என்று அப்போதுதான் கேட்டான்.

"தீனபந்து" என்றாள். அந்தத் தெருவில் அந்தப் பேரைச் சத்தமாகச் சொன்னது அதுதான் முதல் தடவை. படியைச் சாய்த்த அன்றைக்குச் சொல்லியிருக்கலாம் என்று அவளுக்கே தோன்றியது. வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த ஆடியில் குட்டியானை அந்த வாசலில் தானாகவே நின்று ஹாரன் அடித்தது. வீடு பூட்டியிருந்தது. நிவேதாவைக் கிளியனூரில் ஒரு மெக்கானிக் பையன் கட்டிக்கொண்டான். மணமேடையில் அப்பா பேரை அவளே மைக்கை வாங்கிச் சொன்னாள் என்று போய்வந்தவர்கள் வாயில் கைவைத்தார்கள். வெங்கடாசலத்தின் மகன் பரத் புனேயிலிருந்து ஒருத்தியைக் கட்டிக்கொண்டு வந்தான். அவள் என்ன சனம் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. நல்ல சிவப்பு, அவ்வளவுதான். புதுத் தலைக்கட்டும் சேர்த்து அந்த வீட்டிலிருந்து இரண்டு படி போனது. மலர்கொடி சாம்பலை ஒரு சொம்பில் எடுத்துக்கொண்டு புருஷன் ஊருக்குப் போனவள், அங்கேயே தங்கிவிட்டாள். உப்பள வேலைதானாம். அங்கே அவளை எல்லாரும் "மதராசி" என்றுதான் கூப்பிடுகிறார்களாம்.