முப்பத்தெட்டு எம்.எம். சாஃப்ட்

1

இந்தக் கதை பிறந்தது எரிச்சலில். எழுதுகிறவன் முருகேஷ், எலாஸ்டிக் கம்பெனியில் சூப்பர்வைசர், மீதி நேரத்தில் ராக் பேண்டில் கிட்டார். 'நான்' என்று எழுதினால் குற்றத்தை ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும் என்பதால் தன்னை 'அவன்' என்றே எழுதுகிறான். கண்டுகொள்ளாதீர்கள்.

அந்த நிகழ்ச்சிக்குப் பிறகு போகிற இடமெல்லாம் ஒரே கேள்வி. "ஏனுங்க, பேண்டுக்கு எதுக்குங்க அப்படியொரு பேரு வெச்சீங்க?" கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

2

முதலில் இப்படி ஆரம்பித்தான்: 'நொய்யல் கரையில், நான்கு இளைஞர்களின் கனவில்...'

(சீ. மூன்று பேர்தான். கனவும் கிடையாது.)

அடுத்தது ஆராய்ச்சி. உலகத்து ராக் பேண்டுகளுக்கெல்லாம் பேர் எப்படி வந்திருக்கும்? சண்டை போட்டுக் களைத்த நேரத்தில் எதிரே கிடந்த பிஸ்கட் பாக்கெட்டைப் படித்திருப்பார்கள். ஸ்பீக்கர் பெட்டியில் ஒட்டியிருந்த 'தலைகீழாக வைக்காதே'யையே வைத்திருப்பார்கள். ஃபிளெக்ஸ் கடைக்காரர் தன் எழுத்துப் பிழையை, "இருக்கட்டும்ங்க, இதுவும் நல்லாத்தான் இருக்குது" என்று தலையில் கட்டியிருப்பார். அப்புறம் பேட்டியில் மட்டும் ஆன்மா, பிரபஞ்சம் என்று அளப்பார்கள்.

3

பாடுகிறவள் யாழினி. பனியன் கம்பெனியில் ஆர்டர்களைக் கவனிக்கிற மெர்ச்சண்டைசர். அவள் அப்பா பேர் சென்னிமலை. காதர்பேட்டைக் கடைவீதியில் எலாஸ்டிக் வியாபாரி, முருகேஷின் கம்பெனியிலும் சரக்கு எடுக்கிறவர். "கோயில்ல பாடு கண்ணு, வேண்டாங்கல. மேடையேறுனீன்னு தெரிஞ்சுது, அன்னைக்கோட பாட்டே கெடையாது" என்று சொல்லியிருந்தார். சொன்னால் செய்கிற மனிதர்.

ஊர் இசைவிழாவில் வாய்ப்பு வந்தது. ஃபிளெக்ஸில் அவள் பேர் வரக்கூடாது. பேண்டுக்கென்று ஒரு பேர் கொடுக்காவிட்டால் விழாக்காரர்கள் 'யாழினி குழுவினர்' என்று போட்டுவிடுவார்கள். மாதக்கணக்காகப் பேர் தேடினார்கள். டிரம்ஸ் அடிக்கிற ஆரோக்கியராஜ், தூத்துக்குடிக்காரன், நாற்பது பேர் சொன்னான். நாற்பதிலும் 'இடி' இருந்தது.

(படித்துவிட்டு, "எல, முப்பதுலதாம்ல இருந்துச்சு" என்கிறான். சரி, முப்பது.)

4

விழாக்காரர்களிடம் இருந்தது முருகேஷின் நம்பர். மெஷின் ஓடுகிற இரைச்சலில் போன் வந்தது.

"அண்ணா, பேண்டுக்கு என்னன்னு போடறதுங்க?"

அவன் தொழிலில் பேண்டு என்றால் இடுப்புப் பட்டி. ஜட்டி கம்பெனியிலிருந்து கேட்கிறார்கள், அதற்கு எந்த அகலத்தில், எந்த ரக எலாஸ்டிக் போடுவதென்று, என நினைத்தான்.

"முப்பத்தெட்டு எம்.எம். சாஃப்ட் போடுங்க!"

"அப்படியே போட்டுரட்டுங்களா?"

"அதே போடுங்க சாமி, எத்தன தடவ சொல்றது!"

மறுநாள் ஊர் முழுக்க ஃபிளெக்ஸ். 'முப்பத்தெட்டு எம்.எம். சாஃப்ட். ஞாயிறு மாலை ஆறு மணி. அனைவரும் வருக.' மூவரும் தலையில் அடித்துக்கொண்டார்கள். யாழினி பேர் இல்லை, அது போதும் என்று மனதைத் தேற்றிக்கொண்டார்கள்.

5

ஞாயிற்றுக்கிழமை முதல் வரிசையில் சென்னிமலை. கையில் விசிட்டிங் கார்டு.

"ஏந் தம்பி முருகேஷு, யாரு இது புதுசா எலாஸ்டிக் போடறது? ஃபிளெக்ஸெல்லாம் வெச்சு அமர்க்களம் பண்றாங்க! ஓனரப் பாக்கோணும்."

கிட்டாரை முதுகுக்குப் பின்னால் மறைத்தபடி, "வருவாங்க, உக்காருங்க" என்றான் முருகேஷ். வேறென்ன சொல்வான், மடையன்.

மேடை ஓரத்திலிருந்து யாழினி அப்பாவைப் பார்த்துவிட்டாள். "எங்கப்பாவுக்குத் தெரியக்கூடாதுன்னு வெச்ச பேரு. அதே அவரக் கூட்டிட்டு வந்திருக்குது பாரு" என்றாள். மைக்கில் பேரைப் படித்தார்கள். அவள் போக வேண்டியதில்லை, திரும்பிவிடலாம் என்று முருகேஷ் சொன்னான். அவள் மைக்கை நோக்கி நடந்தாள்.

6

முடிவு ஒன்று: அப்பா கண் கலங்கிக் கைதட்டுகிறார். (யார் நம்புவது?)

முடிவு இரண்டு: அப்பா மேடையேறி, அவள் கையைப் பிடித்து இழு—

(மாட்டேன். எழுத மாட்டேன்.)

நடந்தது வேறு. அதை முருகேஷ் ஒரு பக்கத்துக்கு எழுதியும் வைத்திருந்தான். போன வாரம் யாழினி வாங்கிப் படித்தாள். இரண்டு முறை படித்தாள். அந்தப் பக்கத்தை மட்டும் கிழித்து, மடித்து, கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

"முடிவில்லாம கதைய எப்படி அனுப்பறது யாழினி? படிக்கறவங்க என்னையத் திட்டமாட்டாங்களா?"

"திட்டட்டும். அவங்களே ஒண்ணு நெனச்சுக்கட்டும். பேருதான் நீ வெச்சுட்ட. முடிவயாச்சும் நான் வெச்சுக்கறேன்."