ஒரே தாளின் இரண்டு பக்கம்

எங்கள் வீட்டில் தினமும் மாலை ஆறு மணிக்கு நேர்முகத் தேர்வு நடக்கும். கேள்வி கேட்பது நான். அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை, வேறு ஆள் கிடையாது.

ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் எனக்கு வேலை. காலை ஷிப்டில் படுக்கை விரிப்புகளை மடித்துவிட்டு மூன்றரைக்கு வீடு வருவேன். எட்டு மணிக்கு மறுபடி போய் அதே விரிப்புகளை மடிப்பேன். என் வீட்டுக்காரர் இருபத்திரண்டு வருடம் ஒரு கிடங்கில் சரக்கு மேற்பார்வையாளராக இருந்தவர். பதினொரு மாதத்துக்கு முன் கிடங்கையே மூடிவிட்டார்கள். அவருக்கு ஒரு வேலை கிடைத்தால் இந்த இரண்டாவது ஷிப்டை விட்டுவிடுவேன். எனக்கு வேறு ஆசையே இல்லை. கால் வீங்கிப் போனவளுக்கு அவ்வளவுதான் ஆசை வரும்.

இதற்கிடையில் மகளுக்கும் பல்கலைக்கழகத்தில் பிசியோதெரபி படிக்க நேர்முகத் தேர்வு வந்தது. ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்று இருவரையும் சேர்த்து ஒத்திகைக்கு உட்காரவைத்தேன். ஒரே தாளில் முன்பக்கம் அவருக்கு, பின்பக்கம் இவளுக்கு. கேள்வியும் பதிலும் நானே எழுதியது.

இவர் மேலே இஸ்திரி போட்ட சட்டையும் கீழே முட்டி தேய்ந்த வீட்டுக் கால்சட்டையுமாக வந்து உட்காருவார். "மேசைக்கு அடியில யாரு பாக்கப் போறா?" என்பார்.

"உங்களைப் பத்திச் சொல்லுங்க" என்பேன்.

லாரி ஓட்டுநர்களை அதட்டிய வாய் என் முன்னால் திக்கும். மகள் எடுத்துக்கொடுப்பாள். அவள் முறை வந்தால் இவர் எடுத்துக்கொடுப்பார். அவளுடைய பதில்கள் மட்டும் இவருக்குத் தண்ணீர் பட்ட பாடு.

"உங்க பக்கத்தைப் படிங்க. அவ பக்கத்தை அவ பாத்துப்பா."

"அவளோடது படிக்க நல்லா இருக்கு. என்னோடதுல எல்லாம் முடிஞ்சு போனதுதானே இருக்கு."

ஒரு கேள்வி மட்டும் இரண்டு பக்கத்திலும் உண்டு. ஐந்து வருடம் கழித்து எங்கே இருப்பீர்கள்? உங்கள் நிறுவனத்தில் கூடுதல் பொறுப்போடு இருப்பேன் என்பது இவருக்கு. பட்டம் வாங்கி வேலையில் சேர்ந்திருப்பேன் என்பது அவளுக்கு. அதன் கீழே மகள் தானாக ஒரு வரி சேர்த்திருந்தாள்: 'அம்மாவோட ரெண்டாவது ஷிப்டை நிறுத்தியிருப்பேன்.'

"ஏண்டி, நம்ம வீட்டுக் கதை அவங்களுக்கு எதுக்கு?" என்று பேனாவால் அடித்துவிட்டேன். அடித்த பிறகும் ஒவ்வொரு மாலையும் அதைச் சொல்லுவாள். நானும் ஒவ்வொரு மாலையும் திட்டுவேன்.

வியாழக்கிழமை இவருக்கு ஒன்பதாவது நேர்முகத் தேர்வு. வேறொரு கிடங்கு, அதே வேலை. கைக்கெட்டியதாகவே நினைத்திருந்தேன். நாலு மணிக்கு வந்தவர் காலணியைக் கூடக் கழற்றாமல் உட்கார்ந்தார்.

"சொதப்பிட்டேன்."

"எப்படி?"

"அஞ்சு வருஷம் கேள்வி கேட்டாங்க. பட்டம் வாங்கி வேலையில சேர்ந்திருப்பேன்னு சொல்லிட்டேன்."

இவருக்கு நாற்பத்தொன்பது வயது. மகள் சிரிப்பை அடக்க வாயைப் பொத்தினாள். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. இத்தனை நாளும் கரடியாய்க் கத்தினேனே.

"அதோடயாவது நிறுத்தினீங்களா?"

"எங்க நிறுத்த? வாய் பாட்டுக்குப் போகுது. அம்மாவோட ரெண்டாவது ஷிப்டை நிறுத்தியிருப்பேன்னும் சொல்லிட்டேன்."

மகள் வாயிலிருந்து கையை எடுத்தாள்.

"கேள்வி கேட்ட மூணு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிட்டாங்க. நடுவுல இருந்த மேடம், 'உங்க அம்மா இன்னும் வேலைக்குப் போறாங்களா?'ன்னு கேட்டாங்க." காலணிக் கயிற்றை அவிழ்க்கக் குனிந்தவர் நிமிரவே இல்லை. "'இல்லைங்க, என் பொண்ணோட அம்மா'ன்னேன். அதுக்கப்புறம் என்ன கேட்டாங்கன்னே தெரியல. கண்ணு நெறஞ்சிருச்சு."

கடைசியில், சொல்லி அனுப்புகிறோம் என்றார்களாம். அதற்கு என்ன அர்த்தம் என்று எட்டு முறை பார்த்துவிட்டோம். திட்டத்தான் வாயெடுத்தேன். அழுகைதான் வந்தது. அதை மறைக்கவும் எனக்குத் தெம்பில்லை.

மறுநாள் காலை மகளுக்குத் தேர்வு. அதனால் ஆறு மணிக்கு வழக்கம்போல் உட்கார்ந்தோம். தாளைத் திருப்பி ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டு வந்தேன்.

"அஞ்சு வருஷம் கழிச்சு எங்க இருப்பீங்க?"

"பட்டம் வாங்கி வேலையில சேர்ந்திருப்பேன்" என்று சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டாள்.

"இன்னொரு வரி இருக்கே" என்றேன்.

என்னை ஒருமுறை பார்த்துவிட்டு அதையும் சொன்னாள். இவரும் கூடவே முணுமுணுத்தார். இந்த முறை நான் யாரையும் திட்டவில்லை. ஏழரை ஆனதும் பையை எடுத்துக்கொண்டு இரண்டாவது ஷிப்டுக்குக் கிளம்பினேன்.